புள்ளி விழாத பெயர்கள்: மாணவர் நலன் என்றால் என்ன?

நீண்ட விடுமுறை முடிந்து, பிள்ளைகள் வருவதற்கு முன் ஆசிரியர்கள் மட்டும் பள்ளிக்குத் திரும்பும் ஓரிரு நாட்கள் இருக்கின்றனவே, அவை ஒரு மாதிரியானவை. வகுப்பறைகள் காலி. பெஞ்சுகள் மேல் தூசி. வராந்தாவில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படியொரு நாள் கூட்டத்துக்குப் போனால், அறைச் சுவர் முழுக்கத் தாள்கள் ஒட்டியிருந்தன. பள்ளியில் படிக்கும் அத்தனை பேரின் பெயரும் வகுப்பு வாரியாக இருந்தது, வேறொன்றும் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர்கள் கொடுத்தார்கள். "மார்க்கைத் தவிர இந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு வேறு ஏதாவது தெரியுமா? ஒரு கஷ்டம் என்றால் இந்தப் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மட்டும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி ஒட்டுங்கள்" என்றார் தலைமை ஆசிரியர்.

அரை மணி நேரத்தில் சுவருக்கு அம்மை போட்டது போல ஆகிவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குகிறவன், மேடையில் பாடுகிறவள், தினம் ஒரு வம்பை இழுத்துக்கொண்டு வருகிறவன், இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொரு தாளிலும் நான்கைந்து பெயர்கள் மட்டும் வெறுமனே நின்றன. அவர்களில் முரட்டுப் பிள்ளைகள் யாரும் இல்லை. முரட்டுப் பிள்ளைகளைத்தான் எல்லோருக்கும் தெரியுமே! இவர்கள் சத்தம் போடாமல் வந்து, வீட்டுப்பாடத்தைக் காட்டி, நடுத்தரமாக மார்க் வாங்கி, மணி அடித்ததும் போய்விடுகிறவர்கள். என் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பெயரும் அதில் இருந்தது. அவள் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், 'ழ'வின் வாலைக் கொஞ்சம் அதிகமாகச் சுழிப்பாள். குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

'மாணவர் நலன்' என்ற சொல்லை எத்தனையோ சுற்றறிக்கைகளில் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தச் சொல் எதைக் கேட்கிறது என்பது எனக்கு உறைத்தது அந்தச் சுவருக்கு முன்னால்தான். புதிதாகப் பள்ளி வேலைக்கு வருகிறவர்களுக்கும், விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களுக்கும், நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கும் அதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நலன் என்றால் சந்தோஷமா?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக உறவு மூன்றிலும் முழுமையாக நலமாக இருப்பதே ஆரோக்கியம் என்கிறது. 'முழுமையாக' என்பது கொஞ்சம் அதிகம். அந்த அளவுகோலை வைத்தால் நம்மில் ஒருவரும் தேற மாட்டோம். ஆனால் மூன்றையும் ஒரே வரியில் நிறுத்தியது சரிதான்.

பள்ளிக்கூடத்துக்குள் அந்த மூன்றும் ரொம்பச் சாதாரணமான கேள்விகளாக இறங்கி வரும். இந்தப் பிள்ளை சரியாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறதா? கரும்பலகை தெரிகிறதா? பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறதா? ஒரு கணக்குத் தப்பானால் அழித்துவிட்டு மறுபடி போடுகிறதா, நோட்டை மூடிவிடுகிறதா? இடைவேளையில் யாரோடு நிற்கிறது? இரண்டு நாள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்க வகுப்பில் ஒரு சிநேகிதமாவது உண்டா?

தேர்வில் கோட்டைவிட்டு அழுது, இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்து, மூன்றாம் நாள் மறுபடி விளையாடப் போகும் பிள்ளை நலமாகத்தான் இருக்கிறது. எந்நேரமும் சிரித்த முகமாக, யார் எது சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டும் பிள்ளையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

பாடம் நடத்தவே நேரம் போதவில்லை, இது வேறா?

நியாயமான கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன். பதில் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

47ஐ 6ஆல் பெருக்கச் சொல்கிறோம். ஆறேழு நாற்பத்திரண்டு. 2ஐ எழுதி 4ஐ மனதில் வைத்துக்கொள். அப்புறம் ஆறுநான்கு இருபத்துநான்கு, வைத்திருந்த 4ஐக் கூட்டு, 28. விடை 282. அந்த 4ஐ வைத்துக்கொள்ளச் சொல்கிறோமே, அந்த 'மனது' மிகச் சின்ன இடம். ஒரே நேரத்தில் சில சங்கதிகளைத்தான் தாங்கும். உளவியலில் இதற்குச் செயல்படு நினைவு என்று பெயர். நேற்று இரவு வீட்டில் நடந்த சண்டையோ, இடைவேளையில் காத்திருக்கும் அடியோ ஏற்கெனவே அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால், 4க்கு இடம் ஏது? பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியும். ஆனாலும் விடை தப்பும். நாம் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதுவோம்.

ஆபத்து என்று தோன்றினால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகும். அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். தெருநாய் துரத்தும்போது உயிரைக் காப்பது இதுதான். அதே நிலை வாரக்கணக்கில் நீடித்தால், நிதானமாக யோசித்துத் திட்டமிடும் மூளையின் முன்பகுதியின் வேலை தடுமாறுகிறது. பாடம் ஏறுவதற்கும் அந்தப் பகுதி வேண்டும். அதனால் நலனைக் கவனிக்கும் நேரத்தைப் பாட நேரத்திலிருந்து திருடியதாகக் கணக்கு வைக்கத் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருக்கிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பென்றால் தோராயமாக ஐந்தாறு பேர். சுவரில் புள்ளி விழாத பெயர்களும் ஏறக்குறைய அத்தனைதான் இருந்தன. இரண்டும் ஒரே பிள்ளைகள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு அன்று அந்தக் கணக்கு ஓடியது.

ஒரே ஒரு ஆள்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிறப்பிலிருந்து நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வறுமை, பிறக்கும்போதே சிக்கல், ஓயாத குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சுமைகள் இருந்தன. இவர்கள் தேறுவது கஷ்டம் என்று யாரும் நினைக்கக்கூடிய பிள்ளைகள். பலருக்குக் கஷ்டமாகத்தான் போயிற்று. ஆனால் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல வேலை, நல்ல உறவு, பிறர் மேல் அக்கறை என்று உருப்படியாக வளர்ந்து நின்றார்கள்.

அது எப்படி என்று தேடியபோது பல காரணங்கள் கிடைத்தன. பிள்ளையின் சுபாவமும் அதில் ஒன்று. திரும்பத் திரும்பத் தென்பட்ட இன்னொன்று, அவர்கள் வாழ்க்கையில் நம்பிப் போக ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. அம்மா அப்பாவால் முடியாத வீட்டில் அது பாட்டியாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தது, பல பேருக்கு ஓர் ஆசிரியராக இருந்தது.

சுவரில் புள்ளி ஒட்டும் அந்தப் பயிற்சிக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் இதுதான். பள்ளி எல்லாப் பிரச்சினையையும் தீர்க்க முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆள் இருக்கிறாரா என்று எண்ணிப் பார்க்க முடியும். 'எல்லா மாணவர்களையும் எல்லோரும் கவனிப்போம்' என்பது கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிடும். இந்தப் பெயருக்கு இவர் என்று பிரித்துக்கொண்டால்தான் நடக்கும்.

சரி, அந்த ஆள் எப்படி இருக்கிறார்?

விடுமுறை முடிந்து வரும் ஆசிரியர்களைப் பள்ளி எப்படி வரவேற்கிறது என்ற சங்கதி இங்கேதான் வருகிறது. வேலையில் ஏற்படும் முற்றிய சோர்வைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர். அந்தச் சோர்வுக்கு அவர் மூன்று முகங்கள் சொல்கிறார். உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்ற களைப்பு. எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது. நான் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். மூன்றில் நடுவில் இருப்பதுதான் பள்ளியில் ஆபத்து. அந்த நிலைக்குப் போன ஆசிரியருக்குப் பிள்ளை ஒரு ரோல் நம்பர் ஆகிவிடும். அவர் கெட்டவர் இல்லை. பார்ப்பதற்கு அவரிடம் கண் மிச்சமில்லை.

இது பிள்ளைகளையும் தொடும். கனடாவில் 400க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து 2016ல் வெளியான ஓர் ஆய்வு, சோர்ந்துபோன ஆசிரியர்களின் வகுப்புப் பிள்ளைகளிடம் காலை நேரக் கார்டிசால் அளவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆசிரியரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போயிற்றா, அடங்காத வகுப்பால் ஆசிரியர் சோர்ந்தாரா என்பதை அது தீர்த்துச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து நகர்கின்றன என்பதே யோசிக்க வைக்கப் போதும்.

ஆனால் நான் பார்த்த வரவேற்புகள் பெரும்பாலும் எப்படி இருந்தன தெரியுமா? காலை ஒன்பது மணிக்கு ஒரு பூ, ஒரு பேனா. அப்புறம் மூன்று மணி நேரம் பேச்சு. "நீங்கள்தான் இந்தப் பள்ளியின் தூண்கள்." மதியத்துக்கு மேல் இன்னொரு பேச்சு. கால அட்டவணை கடைசி நாள் சாயங்காலம் கைக்கு வரும். தூண்கள் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து முதல் வகுப்புக்குத் தயார் செய்யும்.

உண்மையான வரவேற்பு அலுப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான காரியங்களால் ஆனது. கால அட்டவணையும் பெயர்ப்பட்டியலும் முன்கூட்டியே கிடைப்பது. கூட்டம் எதுவும் இல்லாமல் தன் வகுப்பறையை ஒழுங்குபடுத்த அரை நாள் விடுவது. போன வருட வகுப்பாசிரியரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, யாருக்குக் காது கொஞ்சம் மந்தம், யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்வது. புதிதாகச் சேர்ந்தவருக்கு, எந்த முட்டாள்தனமான சந்தேகத்தையும் கேட்கக்கூடிய ஒரு மூத்தவரைக் காட்டிவிடுவது. ஜெராக்ஸ் பேப்பர் எங்கே இருக்கிறது, வகுப்பு நடக்கும்போது அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வருகிறவர், வீட்டில் ஒரு சாவைப் பார்த்துவிட்டு வருகிறவர் உண்டு. அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்படிப்பா இருக்கீங்க, முதல் மாசம் எதைக் குறைச்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?" என்று கேட்கும் தலைமை ஆசிரியர் மூன்று பேச்சுகளுக்குச் சமம்.

இன்னொரு விஷயம். அந்தக் கூட்டத்துக்கு யாரெல்லாம் வருகிறார்கள்? எங்கள் சுவரில் புள்ளி ஒட்ட வாட்ச்மேனையும், வேன் டிரைவரையும், துப்புரவு செய்யும் அக்காவையும், அலுவலகத்தில் இருப்பவரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆசிரியர் யாரும் தொடாத நான்கு பெயர்களுக்குத் துப்புரவு அக்கா புள்ளி வைத்தார். "இந்தப் பொண்ணு சாப்பாட்டு நேரத்துல பாத்ரூம் பக்கம்தான் நிக்கும், என்கிட்ட பேசும்" என்றார். எங்கள் பதிவேடு எதிலும் இல்லாத தகவல் அது.

எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது

அறிகுறிப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மாற்றம் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பேசாத பிள்ளை பேசாமல் இருந்தால் அது அதன் இயல்பு. வாயாடி திடீரென்று வாயை மூடிக்கொண்டால் அது சேதி. கையெழுத்து மாறுவது, சிநேகிதம் மாறுவது, ஒரே கிழமையில் மட்டும் வயிற்றுவலி வருவது. கடைசியாகச் சொன்னதற்குக் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும், அன்றைக்கு யாருடைய பீரியட், எந்த விளையாட்டு என்று. எல்லாமே மனச்சிக்கல் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வளரிளம் பருவத்தில் உடம்பின் தூக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. அந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. முதல் பீரியடில் தலை சாய்வது பல சமயம் வெறும் தூக்கம்தான்.

பார்த்ததும் கேட்க வேண்டும். "ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்டால் பிள்ளை பதிலைத் தேடாது, தப்பிக்கும் வழியைத் தேடும். "ரெண்டு மூணு நாளா நீ முன்ன மாதிரி இல்லைனு தோணுச்சு. என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டம். பத்து விநாடி மௌனம் ஆசிரியருக்கு ஒரு பீரியட் மாதிரித் தெரியும். 'ஒண்ணுமில்ல மிஸ்' என்று வந்தாலும் பரவாயில்லை. கேட்டார்கள் என்பது பிள்ளைக்குப் பதிவாகிவிடும். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது தடவைதான் ஏதாவது வரும், அதுவும் நாம் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போது, பக்கவாட்டில் நின்றுகொண்டு.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது மிஸ்" என்று ஆரம்பித்தால்? புதிய ஆசிரியர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது. "வகுப்புல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துனா, உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன். யார்கிட்டனு உனக்கு முதல்லயே சொல்லிடுவேன்" என்று நேராகச் சொல்லிவிடலாம். இதைக் கேட்டுப் பின்வாங்கும் பிள்ளைகள் உண்டு. பொய் வாக்குக் கொடுத்து அப்புறம் மீறினால் இழப்பது இதைவிடப் பெரியது. சொன்னதைக் கேட்ட பிறகு துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். நாம் போலீஸும் இல்லை, மருத்துவரும் இல்லை. பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து வைத்து, பள்ளியில் அதற்குப் பொறுப்பான ஆளிடமோ கவுன்சலரிடமோ அன்றைக்கே சேர்ப்பதோடு நம் பங்கு முடிகிறது. வீட்டிலேயே ஆபத்து என்று தோன்றினால், முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போடுவது பிள்ளையை மாட்டிவிடுவதில் முடியலாம். அந்த முடிவையும் பொறுப்பாளரிடம் விட வேண்டும்.

'உயிரோட இருக்கவே பிடிக்கல' என்பது போல ஒரு சொல் வந்தால் பேச்சை மாற்றக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவானது. உதவி வந்து சேரும் வரை பிள்ளையைத் தனியே விடாமல் இருப்பது மற்ற எல்லா வேலைக்கும் முந்தியது.

எல்லோருக்கும், சிலருக்கு, ஒருவருக்கு

பள்ளிகளில் இந்த ஆதரவை மூன்று அடுக்காகப் பேசுவார்கள். அடியில் எல்லோருக்குமானது. கிண்டலுக்குப் பயப்படாமல் கேள்வி கேட்கக்கூடிய வகுப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம். சின்னதாகத் தோன்றும், ஆனால் பலன் பெரிது. ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்று உள்ளே அனுப்புவதை 2018ல் அமெரிக்காவில் பத்து வகுப்பறைகளில் சோதித்துப் பார்த்தார்கள். அப்படிச் செய்த வகுப்புகளில் பாடத்தில் கவனம் கூடியது, தொந்தரவு குறைந்தது. அதற்கு மேல் அடுக்கு, இடம் மாறி வந்தவர்கள், வீட்டில் யாரையோ இழந்தவர்கள் போன்ற சிலருக்கு ஒரு சிறு குழுவோ கூடுதல் கவனிப்போ. உச்சியில், தேர்ந்த நிபுணரின் உதவி தேவைப்படும் ஓரிருவர். அடி அடுக்கு ஆட்டம் கண்டால் உச்சியில் கூட்டம் சேரும், கவுன்சலர் ஒருவரால் சமாளிக்க முடியாது.

'ஒவ்வொரு மாணவரும்' என்று சொல்லும்போது நம் கண்ணுக்குத் தப்புகிற இன்னொரு ஆள் முதல் ரேங்க் பிள்ளை. 98 வாங்கியதற்கு வீட்டில் மீதி 2 எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பதினைந்து புள்ளிகளில் எத்தனை மார்க்குக்காக விழுந்தவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் சுவருக்கு வருகிறேன். கூட்ட முடிவில் புள்ளி இல்லாத பெயர்களை ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். பத்து நாள், நாளுக்கு இரண்டு நிமிடம், படிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தப் பெண்களிடமும் பையன்களிடமும் அவர்கள் பட்டியலில் இருப்பதைச் சொல்லவில்லை.

மூன்றாவது பெஞ்சுப் பெண்ணை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாள் "லீவு எப்படிப் போச்சும்மா?" என்றேன். "நல்லா போச்சு மிஸ்." மறுநாளும் அதே மூன்று சொல்லுக்குள். ஐந்தாம் நாள் எனக்கே பேச ஒன்றும் இல்லாமல், அவளுடைய 'ழ'வைப் பற்றிச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள். பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. ஒன்பதாம் நாள் நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவளே மேஜைப் பக்கம் வந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்: "கண்ணாடி மாத்திட்டீங்களா மிஸ்? போன வருஷம் கறுப்பு ஃப்ரேம்தானே போட்டிருந்தீங்க?"